எட்டு உரப்பை மணல்

தங்கச்சி கட்டாருக்குப் புறப்பட நான்கு நாட்கள் இருந்தன. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பகுதியில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். போகுமுன் என்ன வேண்டும் என்று அக்கா கேட்டாள். புதுச் சட்டை, நல்ல சாப்பாடு, கோயில் என்று ஏதாவது சொல்வாள் என நினைத்தோம்.

"எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழ படுக்க வேணும். ஒரே ஒரு ராத்திரி காணும்," என்றாள்.

அக்காவின் வீடு கப்பல்துறையில். ஐந்து பேருக்கு இரண்டு அறை. திருகோணமலை நகருக்குள் என் வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவதாகத் தங்கச்சி குசினி வாசலில் பாய் விரித்துப் படுப்பாள். பத்துப் பேர் காலை நீட்டிப் படுக்கக்கூடிய கூரை எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. என் அலுமாரிக்கு மேலே மட்டும் ஒன்று கிடந்தது.

கனடாவிலிருந்து வந்த மாமாவின் மகன் விட்டுப்போன கூடாரம் அது. பையின் வெளியே வரிசையாகப் பத்துத் தலைகளின் படம் அச்சிட்டிருந்தது. அவன் அதை ஒரு தடவையும் விரிக்கவில்லை. நாங்கள் தூசி தட்டுவதற்குக்கூட இறக்கியதில்லை. அதை எடுத்துக்கொண்டு சல்லிக் கடற்கரைக்குப் போகலாம் என்று தங்கச்சிக்குச் சொன்னது நான்தான். அவள் என்னைக் கட்டிப்பிடித்த விதத்தைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வழி இல்லை.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். "நாலு மணிக்கு நாங்க போற வாடகை வான் திரும்பி வரட்டும். அதுக்குள்ள உது எழும்பாட்டி எல்லாரும் ஏறி வீட்ட போறது. பிள்ளையளை வெறும் மணலில படுக்க வைக்க ஏலாது."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வான் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. அக்கா, அத்தான், அவர்களது மூன்று பிள்ளைகள், நான், என் இரண்டு பிள்ளைகள், தங்கச்சி. என் கணவர் கந்தளாயில் வேலை முடிந்து பின்னேரம்தான் வருவார். தங்கச்சி தன் பையைக் கரையில் ஏற்றியிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். பை பிதுங்கியிருந்தது. உடுப்பை எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன்.

"டென்ட் எழும்பட்டும், பிறகு பாப்பம். ஏன் திறந்து மூட வேணும்?" என்றாள்.

அத்தான் மேசன். கப்பல்துறையில் கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீடு எதுவானாலும் பந்தல் அவர் கைதான். ஒரு மணித்தியாலத்தில் ஐம்பது கதிரைகளுக்கு நிழல் தருவார். அவர் கூடாரப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மூன்று கட்டுக் கம்புகள், நீல நிறத்தில் ஒரு பெரிய துணி மூட்டை, பென்சில் தடிப்பில் கம்பி முளைகள், கயிறுகள், எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம். புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

"மச்சாள், உது பேப்பர் வேலை. இது கம்பு வேலை. கம்புக்கு வாசிக்கத் தெரியாது," என்றார் அத்தான்.

நான் பதினேழு வருடம் ஒரு பத்திரிகையில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தியவள். அத்தானின் பார்வையில் அது உட்கார்ந்திருக்கும் தொழில். வள்ளத்தில் சாய்ந்து முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பந்தலின் ஒழுங்கைச் சொல்வார்கள். முதலில் குழி, பிறகு கம்பு, அதன் மேல் கூரை, கடைசியில் கயிறு. அத்தானும் அப்படியே செய்தார். மணலில் முழங்கை ஆழத்துக்கு ஆறு குழி தோண்டினார். கம்புத் துண்டுகளைப் பொருத்தி வளைத்து, முனைகளைக் குழியில் இறக்கி மூடினார். மூன்று வளைவுகள் நின்றன. பிள்ளைகள் பிரிந்து நின்று அவற்றைப் பிடித்துக்கொள்ள, அத்தானும் அக்காவும் நீலத் துணியை அதன் மேல் வீசினார்கள். பந்தலுக்குத் தறப்பாள் போடுவதைப் போலவே, அழகாக வீசினார்கள்.

அப்போது பத்தரை இருக்கும். ஆடி மாதம். தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று தொடங்கியிருந்தது. சூடான, விடாப்பிடியான காற்று. துணி வளைவுகளின் மேல் ஒரு கணம் தங்கியது. பிறகு வயிறு ஊதி, பிள்ளைகளின் கைகளிலிருந்த கம்புகளையும் பிடுங்கிக்கொண்டு கடலை நோக்கிப் போனது. அந்தக் கணத்தில் நான் ஏழாம் பக்கத்தில் இருந்தேன். "காற்று வரும் பக்கத்தை முதலில் நிலத்தோடு இறுக்கவும்" என்று சின்ன எழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் முதல் வரியாக வரவேண்டியதை எழுதியவர் ஏழாம் பக்கத்தில் ஒளித்திருந்தார். அப்படிப்பட்ட செய்திகளை வருடக்கணக்காகக் கையாண்ட நானாவது கடைசிப் பக்கங்களை முதலில் பார்த்திருக்கலாம்.

எங்களுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு அம்மா கருவாடு காயப்போட்டிருந்தார். கூடாரம் அதன் மேல் போய் விழுந்து போர்த்திக்கொண்டது. ஓலைக் கொட்டிலிலிருந்து அந்த அம்மா வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். சீலையை இழுத்துச் செருகியபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ர கருவாட்டுக்குக் குளிருதெண்டு ஆர் சொன்னது?"

"டென்ட் அடிக்கிறம் அக்கா," என்றார் அத்தான், மூச்சு வாங்கியபடி.

"டென்ட் எண்டா நிக்கிறதெல்லோ? இது நீந்தப் போகுது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. துணியை இழுத்துக்கொண்டு வந்து, இந்த முறை கம்பி முளைகளை அடித்தார். அந்த மணலில் முளையை அடிக்கக் கல் தேவையில்லை, பெருவிரல் போதும். இறங்கிய அதே வேகத்தில் வெளியிலும் வந்தது. இரண்டாம் தடவை துணி ஒரு நிமிடம் நின்றது. மூன்றாம் தடவை அதுவும் இல்லை. பன்னிரண்டரைக்கு அக்கா சாப்பாட்டுப் பார்சல்களை விரித்தாள். தங்கச்சி சோற்றைப் பிசைந்தபடி, "பரவாயில்லை. பகல் முழுக்க ஒண்டா இருந்தம்தானே," என்றாள். அவள் இன்னும் பைக்கு மேலேதான் இருந்தாள்.

அந்தப் "பரவாயில்லை" என்னை உட்காரவிடவில்லை. சாப்பாட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். கருவாட்டைக் கலைத்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்தப் பக்கம் போனபோது கால் ஏதோ கயிற்றில் தட்டி விழப்பார்த்தேன்.

காகம் கொத்தாமலிருக்கக் கருவாட்டின் மேல் ஒரு பழைய வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் துணியை மூன்று தடவை பிடுங்கிய அதே காற்றில் அந்த வலையின் மூலைகள் அசையவில்லை. கயிறு மூலையிலிருந்து சாய்வாக இறங்கி மணலுக்குள் போயிருந்தது. முளை இல்லை, கல் இல்லை, கம்பு இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன்.

"இழுத்துப் பாக்கிறதெண்டா ஒரு ஆனையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் கருவாட்டுக்கார அம்மா கொட்டில் வாசலிலிருந்து.

"கீழ என்ன கிடக்கு?"

"உரப்பை. மணலை நிரப்பி, இடுப்பில கயிறு கட்டி, படுக்கவைச்சுப் புதைக்கிறது. முழங்கால் ஆழம் காணும். மணலில ஆணி நிக்குமே, சொல்லுங்கோ?"

காலையிலிருந்து அவர் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அந்த ஐயா ஆரிட்டயும் கேக்கிற ஆளாத் தெரியேல்ல," என்றார்.

எட்டு வெறும் உரப்பை தருவதாகச் சொன்னார். பதிலுக்கு நாங்கள் கலைத்த கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கித் தரவேண்டும். வீட்டில் கருவாடு பொரித்தால் யன்னலைத் திறந்துவைக்கும் அக்காவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குந்தினாள்.

அத்தானை இணங்கவைப்பதுதான் பெரிய வேலை.

"தலைகீழாச் செய்து பாப்பம் அத்தான். கயிறு முதல், கம்பு கடைசி."

"கம்பு நடாமல் கயிறை எதில கட்டுறது? காத்திலயோ?"

"மணலில."

"இருவது வருசமாப் பந்தல் போடுறன் மச்சாள்."

அதற்குப் பதில் தங்கச்சியிடமிருந்து வந்தது. பையிலிருந்து எழும்பாமலே சொன்னாள். "அத்தான், நீங்க போடுற பந்தலை ஆக்கள் அடுத்த நாள் அவிழ்ப்பினம். இந்த ராத்திரி எனக்கு ரெண்டு வருசத்துக்குப் போதுமா இருக்க வேணும். சின்னக்கா சொல்லுறதை ஒருக்காச் செய்து பாருங்கோ."

அத்தான் கடலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேமுக்கால். கருவாட்டுக்கார அம்மாவிடம் மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்.

நாலு உரப்பை தரைப்பக்கம், காற்று வரும் திசையில். அத்தான் தோண்டினார், நானும் தங்கச்சியும் மணல் அள்ளிப் போட்டோம். பையின் இடுப்பில் கயிறு கட்டும்போது அவர் போட்ட முடிச்சைப் பார்த்த கருவாட்டுக்கார அம்மா, "முடிச்சு நல்லாயிருக்கு," என்றார். அன்று அத்தானின் முகம் முதல் தடவையாக இளகியது. துணியைத் தரையில் நீளமாக விரித்து, பின்பக்கத்தை அந்த நாலு கயிற்றிலும் கட்டினோம். காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. தூக்குவதற்கு விளிம்பு கிடைக்கவில்லை.

அடுத்தது கம்புகள். துணியோடு தைத்திருந்த நீளமான உறைக்குள் அவற்றைச் செலுத்த வேண்டும். அத்தான் மறுமுனையில் நின்று இழுத்தார். கம்பு உள்ளேயே மூன்று துண்டாகக் கழன்றது. வெளியே எடுத்துப் பொருத்தினார், மறுபடி இழுத்தார், மறுபடி கழன்றது. வாயில் வந்த சொல்லைப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு விழுங்கினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வாசி மச்சாள்," என்றார்.

நாலாம் பக்கத்தை உரத்து வாசித்தேன். இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். தள்ளினார். கம்பு முழுசாக மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு அவர் ஒவ்வொரு படிக்கும் "வாசி" என்றார், நான் வாசித்தேன். மூன்று கம்பும் உள்ளே போனபோது மூன்று மணி பத்து. கூடாரம் இன்னும் செத்த திருக்கை மாதிரித் தட்டையாகத்தான் கிடந்தது.

கடைசிப் பக்கம் சொன்னபடி ஒன்பது பேரும் கடல்பக்க விளிம்பைப் பிடித்தோம். அக்காவின் கையும் பிள்ளைகளின் கைகளும் கருவாட்டு வாடையோடு வந்து சேர்ந்தன. அத்தான் எண்ணினார். மூன்றுக்கு எல்லோரும் கடலை நோக்கி இழுத்தோம்.

தரைப்பக்க வளைவு முதலில் நிமிர்ந்தது. அடுத்தது நடு வளைவு, ஒரு சத்தத்தோடு. மூன்றாவது எங்கள் தலைக்கு மேலாக எழும்பி நின்றது. காலையில் துணியைப் பறித்த காற்றே இப்போது பின்னாலிருந்து தள்ளி அதை விறைப்பாக்கியது. யாரோ கத்தினார்கள். அது அக்கா. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"விடாதேங்கோ, விடாதேங்கோ!" என்று அத்தான் ஓடி, கடல்பக்கம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று முன்பே நிரப்பிவைத்த மிச்ச நாலு உரப்பைகளையும் புதைத்தார். கயிறுகளை இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றிலும் தன் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து பார்த்தார். எட்டும் நின்றன.

"இப்ப நீந்தேல்ல," என்றார் கருவாட்டுக்கார அம்மா.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வான் வந்து ஹோர்ன் அடித்தது. ஏறுவதற்கு யாரும் போகவில்லை. டிரைவர் இறங்கி வந்து கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தான் அவருடைய தோளில் கைபோட்டு, "பந்தல் மாதிரியில்லை தம்பி. இதுக்குக் கயிறுதான் முதல். கம்பு கடைசி. கனபேருக்கு இது தெரியாது," என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் அதில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. வான் வெறுமையாகத் திரும்பிப் போனது.

தங்கச்சி வள்ளத்தடியிலிருந்து பையைத் தூக்கிவந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பையைத் திறந்தாள். காலையிலிருந்து அதைப் பிதுங்கவைத்தது உடுப்பு அல்ல, அவளுடைய தலையணை. அதைச் சரியாக நடுவில் வைத்தாள். பிறகு ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னாள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான், பிள்ளைகள் கால்மாட்டில்.

"கருவாடு மணக்குது," என்றாள் அக்கா மூக்கைச் சுருக்கி.

"மணக்கட்டும். அங்க போய் நினைக்கிறதுக்கு லேசு."

அப்போது கந்தளாயிலிருந்து என் கணவர் கைத்தொலைபேசியில் அழைத்தார். "பஸ் ஏறப்போறன். டென்ட் எழும்பியிராதுதானே. எங்க வாறது? எங்கட வீட்டயோ, கப்பல்துறைக்கோ?"

நான் வாய் திறக்குமுன் தங்கச்சி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சல்லிக்கு வாங்கோ சின்னத்தான். நீலக் கூரை. உங்களுக்கு வாசலடி, பிந்தி வாறவருக்கு அதுதான் மிச்சம்."