அணைக்காத கம்ப்யூட்டர்

டவுணில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார் அவர். கறுத்து உயர்ந்த மனிதர். பேச்சின் நடுவே எழுந்துபோய், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோலக் கம்ப்யூட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஏதோ அப்டேட் தானாக ஏறி, திரை நீலமாகி நின்றுவிட்டதாம். எப்படியோ எழுப்பிக் கொடுத்த மெக்கானிக், "இனி அணைச்சா எந்திரிக்கும்னு சொல்ல முடியாது" என்றுவிட்டார். அன்றிலிருந்து இவர் அணைக்கவே இல்லை. கரண்டு போனால், யூபிஎஸ் தீர்வதற்குள் ஜெனரேட்டர் போட வேண்டுமே என்று கடையைவிட்டு நகர்வதுமில்லை.

பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போன எனக்கு எரிச்சல் வந்தது.

"படத்தையெல்லாம் வேற எதுலயாவது காப்பி எடுத்து வைக்க வேண்டியதுதான அண்ணாச்சி?"

"எடுக்கையில நின்னு போச்சுன்னா? ஊர்க் கல்யாணம் பூரா இதுக்குள்ளதான கெடக்கு."

மேசையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. திசையன்விளையில் அவர் தங்கை மகளுக்கு, அன்றைக்குத்தான் முகூர்த்தம்.

"தாய்மாமன் நீங்க போகலியா?"

"இத யாரு பாத்துக்கிடுவா?"

அவர் செல்போனில் வந்த வீடியோ காலில் மேளம் கொட்டியது. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தாலி கட்டுவதைப் பார்த்தபடி கண்ணீர் விட்டார்.

இன்று என் கம்ப்யூட்டர் அப்டேட் கேட்கும்போதெல்லாம், கண்ணைக்கூடத் துடைக்காமல் பெட்டிமேலேயே இருந்த அந்த இன்னொரு கைதான் ஞாபகம் வருகிறது.