அம்சவள்ளி யானை பார்க்கத் திட்டம் போட்டது

மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி அம்சவள்ளிக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். அந்த இருபத்து மூன்று வருஷத்தில் புருஷன் செல்லமுத்துவோடு போட்ட சண்டை ஒன்றில்கூட அவள் ஜெயித்ததில்லை. இத்தனைக்கும் வாய் அவளுக்குத்தான் பெரிது, நியாயமும் முக்கால்வாசி நாள் அவள் பக்கம்தான். ஆனால் சண்டை முற்றியதும் செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் காட்டுல யானையப் பாத்தவன். எங்கிட்ட பேசாத" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். யானைக்கு மேல் என்ன பேச முடியும்?

கல்யாணத்துக்கு முன்னால் அவன் வெல்ல லாரியில் லோடுமேனாக ஒரே ஒரு தடவை மைசூருக்குப் போயிருக்கிறான். முதுமலைக் காட்டுக்குள் லாரி போகும்போது ஒரு யானை ரோட்டைத் தாண்டியது. சங்கதி அவ்வளவுதான். ஆனால் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றாலும் அந்த யானை வந்து நிற்கும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சிலும் வந்து நிற்கும்.

போன ஆடி மாசம் அவர்கள் வீட்டு ஆடு அவனுடைய புது லுங்கியைப் பாதிவரைக்கும் தின்றுவிட்டது. ஆட்டை அவிழ்த்துவிட்டது யார் என்று சண்டை. அவிழ்த்துவிட்டது அவன்தான், அம்சவள்ளி கண்ணால் பார்த்தாள். அப்போதும் யானை வந்தது. மறுநாள் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போனவள், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நான் யானை பாக்கப் போறன். முடிஞ்சா புலியும்" என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்தது மூன்று பேர். காசியம்மாள், அம்சவள்ளியைவிடப் பத்து வயது மூத்தவள், பஸ்ஸைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும் என்பாள். ராதிகா, இருபத்தெட்டு வயசு, நல்ல போன் வைத்திருப்பவள். நிர்மலா, அந்த வேலையிடத்துக்கு மேட். காலையிலும் மதியத்திலும் எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து வருகைப் பதிவு போடுகிற பொறுப்பு அவளுடையது.

"நாங்களும் வர்றம்" என்றாள் ராதிகா. எங்கே, எப்போது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அம்சவள்ளி அதுவரை வாழ்க்கையில் எதற்கும் திட்டம் போட்டவள் இல்லை. கரும்பு வெட்டோ, களை பறிப்போ, நாளைக்கு வேலை உண்டா என்பதே முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும். திருவண்ணாமலை கிரிவலம் போனதும் மேல்மருவத்தூர் போனதும் யாரோ வேனில் இடம் இருக்கிறது என்றதால் ஏறிக்கொண்டதுதான். ஆகவே மூன்று நாளை முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நாள் இது, அந்த நாள் அது என்று பங்கு போடுவதில் அவளுக்கு என்னமோ தலைகால் புரியாத ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. களை பறிக்கும்போதும் வாய் முணுமுணுத்தது. மொத நாள் போய்ச் சேருவது. ரெண்டாம் நாள் காலையில் யானை. பத்து மணிக்குப் புலி. மதியம் துணி துவைக்கிறது.

"பத்து மணிக்குப் புலி வருமாக்கா?" என்று ராதிகா கேட்டாள்.

"கேட்டுப் பாரு."

ராதிகா போனில் தேடி முதுமலை வனத்துறை நம்பர் ஒன்றை எடுத்துக் கூப்பிட்டே கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் பேசியவர் பொறுமைசாலி. வந்தாலும் வரும், வராமலும் போகும், வந்தாலும் எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது என்றார்.

"நம்ம ஊரு டவுன் பஸ்ஸு மாதிரி" என்று அம்சவள்ளி புரிந்துகொண்டாள். திட்டத்தில் புலியைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்று மாற்றினாள்.

தேதி குறிப்பதுதான் பெரும்பாடு. ஆவணியில் ராதிகாவின் நாத்தனார் பிள்ளைக்குக் காது குத்து. புரட்டாசியில் நிர்மலா சனிக்கிழமை விரதம். ஐப்பசியில் மழை. எல்லாவற்றுக்கும் மேலாகக் காசியம்மாளின் பசு சினையாக இருந்தது. அது கன்று போடாமல் அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கமாட்டாள். வாரத்துக்கு ஒரு நாள் நாலு பேரும் போய் மாட்டுக் கொட்டகையில் நின்று பசுவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பசு இவர்களைப் பார்த்தபடி அசைபோட்டது.

"இதுக்கு இன்னா அவசரம், இதுவா காட்டுக்குப் போவுது" என்றாள் நிர்மலா.

இதற்கிடையில் ராதிகா போனில் படித்துச் சொன்ன விஷயங்களில் இரண்டு அம்சவள்ளியின் மனசில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டன. ஒன்று, காட்டுக்குள் பளிச்சென்று உடுத்தக்கூடாது. மண் நிறமோ காய்ந்த இலை நிறமோதான் நல்லது. இரண்டு, பேசக்கூடாது.

நாலு பேர் வீட்டிலும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததில் கிளிப்பச்சை, ராமர் நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள். மண் நிறத்தில் ஒன்றுகூட இல்லை. திருக்கோவிலூர் போய் ஒரு ஜவுளிக்கடையில் ஏறினார்கள். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் அம்சவள்ளி தள்ளிவிட்டாள்.

"இன்னும் மங்கலா காட்டுங்க."

"விசேசத்துக்காம்மா?"

"பாத்தா பொடவ கட்டினவங்க இருக்கறதே தெரியக்கூடாதுங்க."

இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் பல வருஷமாக விலைபோகாமல் கிடந்த ஒரு கட்டை அவிழ்த்தார். களிமண் நிறம். நாலும் ஒரே மாதிரி. அவருக்கும் சந்தோஷம், இவர்களுக்கும் சந்தோஷம்.

பழகட்டும் என்று அதையே உடுத்திக்கொண்டு நாலு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஊர் பார்த்தது. ஒருத்தி வந்து, எந்தக் கோயிலுக்கு மாலை போட்டிருக்கீங்க என்று கேட்டாள். காசியம்மாள் வெகுளியாக, "வனத்துக்குப் போறம்" என்று சொல்லி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது வனத்தம்மா கோயில் ஆகிவிட்டது. மறுநாள் ஒரு பெண் அம்சவள்ளி கையில் கற்பூரப் பொட்டலம் கொடுத்து, மகனுக்கு ஒரு நல்ல இடம் அமையட்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அம்சவள்ளி மறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. திட்டத்தில் முதல் நாள் சாயங்காலம் கற்பூரம் ஏற்றுவது என்று ஒரு வரி சேர்ந்தது. காட்டில் நெருப்பு வைக்கக்கூடாது என்று ராதிகா சொன்ன பிறகு, வழியில் ஏதாவது கோயிலில் என்று அந்த வரி திருந்தியது.

பேசாமல் இருக்கப் பழகினதுதான் பெரிய கூத்து. ஏரிக்கரையில் வேலிகாத்தான் மர நிழலில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு. நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூட வேலை செய்கிற மற்ற முப்பது பேரும் இவர்களுக்கு என்ன ஆச்சு என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்து, பார்த்துக்கொண்டே அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கொக்கு கத்துவது மட்டும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஓவர்சியர் வண்டியில் வந்து இறங்கினார். முப்பத்து நாலு பேர் மண்வெட்டியை வைத்துவிட்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா நிர்மலா, போராட்டமா?"

நிர்மலா மேட். பதில் சொல்லவேண்டியவள். ஆனால் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினாள்.

"பத்து கோரிக்கையா?" என்றார் ஓவர்சியர்.

ராதிகா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். முதுகு குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று ஓவர்சியர் நினைத்துக்கொண்டார். "அழாதம்மா. தண்ணிதான மொதல்ல? தண்ணி டிரம்முக்கு நான் ஏற்பாடு பண்றன். நெழலுக்குப் பந்தல் போடச் சொல்றன். மீதி எட்டயும் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டே நாளில் டிரம்மும் வந்தது, பந்தலும் வந்தது. "ஆறு மாசமா வாயத் தொறந்து கேட்டன், வர்ல" என்றாள் நிர்மலா. அன்றிலிருந்து அம்சவள்ளியின் திட்டத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஊரே நம்பியது, செல்லமுத்துவைத் தவிர.

"முதுமலைக்குப் போற ரோட்டுல கொண்டை ஊசி வளைவு முப்பத்தாறு கீது" என்று அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "காசியக்கா மொத வளைவுலயே கொடலக் கக்கிடும். மொதல்ல வெள்ளிமலைக்குப் போய்ட்டு ஒழுங்கா திரும்பி வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அம்சவள்ளிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலையில் ஒரு நாள் ஒத்திகை. கூட வந்து தப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்று செல்லமுத்துவும் தானாகவே கிளம்பிவிட்டான்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதும் காசியம்மாள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினது. செல்லமுத்து நாலாவது வளைவுவரை முதுமலை ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். ஐந்தாவதில் பேச்சு நின்றது. ஏழாவதில் தலை ஜன்னலுக்கு வெளியே போனது. வெள்ளிமலையில் இறங்கினபோது அவன் முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. காசியம்மாள் கண்ணைத் திறந்து, "மலை எப்ப வரும்?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

செல்லமுத்துவைக் கடைத்தெருவில் ஒரு சோடாவோடு உட்காரவைத்துவிட்டு, சாமைக் கொல்லைகளைத் தாண்டி நாலு பேரும் நடந்தார்கள். காட்டு ஓரத்தில் ஒரு புதருக்குள் போய், களிமண் நிறப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசாமல் குந்தினார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வனக்காவலர் வந்தார். சுற்றிலும் யாருமில்லை என்று நினைத்து, எதிரே இருந்த பாறையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, தன் மேலதிகாரியிடம் லீவு கேட்பதைச் சத்தமாகப் பழகிப் பார்த்தார். "மச்சினன் கல்யாணமுங்கய்யா" என்று ஒரு தடவை பணிவாகச் சொன்னார். "மச்சினன் கல்யாணங்க" என்று இன்னொரு தடவை விறைப்பாகச் சொன்னார்.

காசியம்மாளுக்குத் தும்மல் வந்தது.

காவலர் திரும்பினார். புதருக்குள் மண் நிறத்தில் நாலு உருவம் அசைந்தன. "கரடி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். செருப்பு பாறையிலேயே கிடக்க, சாமைக் கொல்லை வரைக்கும் ஓடிவிட்டார்.

"பொம்பளைங்கதான் சார், வாங்க" என்று நிர்மலா எழுந்து நின்று கூப்பிட்டாள். அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒத்திகைங்க" என்றாள் அம்சவள்ளி. "புலி பாக்கறதுக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "பதினோரு வருசமா காட்டுல சுத்திக்கினு கீறன். நீங்க பக்கத்துல இருந்தது எனக்கே தெரியல. நீங்க தாராளமா போலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லீவு கேட்டதுல எது நல்லா இருந்தது?" என்றார்.

"மொத தடவ சொன்னதுங்க" என்று நாலு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

மார்கழி கடைசியில் பசு கிடாரிக் கன்று போட்டது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினார்கள். செல்லமுத்து மாட்டையும் கன்றையும் ஆட்டையும் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான். வளைவுகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

முதுமலையில் இரண்டு நாள் வனத்துறை வண்டியில் சுற்றினார்கள். மயில் பார்த்தார்கள். காட்டுப்பன்றி பார்த்தார்கள். "நம்மூரு கரும்ப நாசம் பண்றதும் இதுங்கதான, டிக்கெட்டு வாங்கினு வந்து பாக்கறமே" என்றாள் நிர்மலா. ஆனாலும் காலையிலும் மதியத்திலும் பழக்க தோஷத்தில் மூன்று பேரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். மான் நிறைய இருந்தது. யானை வரவில்லை. புலி எந்த மணிக்கும் வரவில்லை. மயில் வந்தபோது கூடவந்த வெளியூர்க்காரர்கள் கத்தியதைப் பார்த்து இந்த நாலு பேரும் வெட்கப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் ஊர் திரும்ப பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள் எலுமிச்சம்பழத்தோடு தூங்கிப்போனாள். ஒரு திருப்பத்தில் பஸ் மெதுவாகி நின்றது. ரோட்டோரமாக, மூங்கிலை ஒடித்துக்கொண்டு ஒரு யானை நின்றது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல் இருந்தது. காது அசைந்தது, கண் இவர்கள் பக்கம் திரும்பியது. பழகின பழக்கம், விழித்திருந்த மூன்று பேரும் மூச்சுக்காட்டவில்லை. யானை காட்டுக்குள் திரும்பிப் போனது. பஸ் கிளம்பியது.

கூடலூர் வந்ததும் செல்லமுத்து போன் பண்ணினான்.

"பாத்தியா?"

"பாத்தன்."

"எத்தன?"

"ஒண்ணு. நீ பாத்தது?"

"ஒண்ணுதான்" என்றான். பிறகு, "எப்ப வர? ஆடு எம்பேச்சக் கேக்க மாட்டுது" என்றான்.

பக்கத்தில் காசியம்மாள் விழித்துக்கொண்டு, "எது ஒண்ணு?" என்று கேட்டாள்.

சொல்லவேண்டியதாயிற்று. காசியம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுப்பறதுக்கு இன்னா கேடு?" என்றாள். பேசக்கூடாதுன்னுதான என்று ராதிகா இழுத்தாள். "தட்டி எழுப்ப வாய் எதுக்கு, கை இல்ல?" என்றாள் காசியம்மாள். அதோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊட்டியில் பேசவில்லை. கோயமுத்தூரில் பேசவில்லை. சேலம் பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தாள், பேசவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் புறப்பட்ட பிறகுதான் அம்சவள்ளி பக்கம் திரும்பினாள்.

"சித்திரையில என் மாடு சும்மாதான் இருக்கும்" என்றாள்.

அம்சவள்ளி ராதிகாவிடம் கையை நீட்டினாள். ராதிகா போனில் காலண்டரைத் திறந்து கொடுத்தாள்.