இரண்டு வழி சொல்லி அனுப்பினோம்

மாலை நாலு இருபதுக்கு நான் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியபோது காவலாளி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு வேன்ல ஏறிடுச்சேம்மா."

"டீச்சராண்ட இரு, நான் வரேன்னு காலையில சொல்லி அனுப்பினேனே!"

மகளுக்கு ஒன்பது வயது. பாடத்தில் கவனம் நிற்பதில்லை என்று டீச்சர் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று செங்கல்பட்டில் ஒரு குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "புள்ளைக்கு இன்னா பைத்தியமா? ரெண்டு போட்டா தானா படிக்கும்" என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் கவனம் எங்கும் போகாது.

பஜாரில் இருக்கும் அவருடைய உரக்கடைக்குப் போன் செய்தேன்.

"பாப்பா அங்க வந்துட்டாளா?"

"வேன்ல வந்து கடையாண்ட எறங்குன்னு சொன்னேன். டியூஷன்ல சேத்துக்கீறேன். இன்னும் வர்லியே. உன்னாண்ட இல்ல?"

"டியூஷனா? என்னாண்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? நான் டாக்டராண்ட கூட்டினு போவ இருந்தேன்."

"ஓ! அத நீ என்னாண்ட சொன்னியா, கலெக்டரம்மா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

வேன் டிரைவரைப் போனில் பிடித்தேன். "ஏரிக்கரை ஸ்டாப்புல நாலு புள்ளைங்க எறங்குச்சி. அதுங்களோட எறங்கிடுச்சி போலக்கா. திரும்பிப் போய்ப் பாக்கறேன்" என்றார்.

மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிக் கிடந்தது. நான் பள்ளிப் பக்கமிருந்தும் அவர் கடைப் பக்கமிருந்தும் தேடிக்கொண்டே வந்து கரையில் சந்தித்தோம். இரண்டு வண்டியிலும் அவள் இல்லை. அவர் மதகுப் பக்கம் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். மறதிக்காரி என்று நாங்கள் திட்டும் பெண், இன்று இரண்டு பேர் சொன்னதையும் மறக்காததால்தான் பாதி வழியில் இறங்கிவிட்டாளோ என்று அப்போதுதான் தோன்றியது. சாலையின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாக நின்றோம். எந்தத் தெருவில் தேடுவது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியபோது வேன் வந்தது. டிரைவர் அவளைக் கைப்பிடித்து இறக்கினார். அவள் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"ரேஷன் கடையாண்ட குந்திக்கினு இருந்துச்சிக்கா. எங்க போவணும்னு எவ்ளோ கேட்டும் வாயே தொறக்கல."

டிரைவர் என்னைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் நின்ற என் கணவரைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை.

"யாராண்ட வுடட்டும்?"