இருநூறு கிலோமீட்டர் காற்று

சுழல்காற்று அடித்து ஓய்ந்த ஊர்களுக்குப் போய், விழுந்து கிடப்பதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிப்பது அவள் வேலை. சுழலுக்குள் சிக்கிய கருவி முழுசாகத் திரும்புவது அபூர்வம். பிய்ந்த கூரையும் முறிந்த மரமும்தான் சாட்சி. அலுவலகத்தில் அவளுக்குக் ‘காத்தக்கா’ என்று பேர். “வீட்டுல ஃபேன் போடுவீங்களாக்கா?” என்று கேலி செய்வார்கள்.

ஒருமுறை தச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போனாள். அவரே கட்டிய மரவீடு. சிமெண்டுத் தளம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அவருடைய மகளின் உடலைப் பக்கத்து வயலிலிருந்து எடுத்திருந்தார்கள்.

“எவ்வளவு வேகம்மா?” என்றாள் தச்சரின் மனைவி.

“மணிக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்.”

“அவ்வளவுதானா? அதுக்கே எங்க வீடு போயிடுச்சா? எதிர்வீடு நிக்குதே!”

“அதுல சுவரைத் தளத்தோட சேர்த்து போல்ட் போட்டிருக்கு. இதுல வெறும் ஆணிதான்.”

தச்சர் பின்னால் நின்றதைக் காத்தக்கா கவனிக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, அன்று சுழலைத் துரத்திய ரேடார் வண்டியின் பதிவுகள் வந்தன. பெரிய சுழலுக்குள் ஒரு குட்டிச் சுழல். எதிர்வீட்டைத் தொடாமல் தச்சர் வீட்டின் மேலேயே போயிருந்தது. வேகம் நானூறை நெருங்கியது. காத்தக்கா உடனே கிளம்பினாள்.

“நீங்களே சொல்லுங்க. உங்க தப்பில்லன்னு நான் சொன்னா அவர் காதுல ஏறல,” என்றாள் தச்சரின் மனைவி, விஷயத்தைக் கேட்டதும்.

பழைய தளத்தின்மேல் புது வீடு எழும்பியிருந்தது. சாணுக்கு ஒரு போல்ட். தச்சர் தோளால் சுவரை முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் தப்பா கணிச்சுட்டேன். அது நானூறு. எந்த வீடும் நின்னிருக்காது.”

“போல்ட் போட்டிருந்தா?”

“அப்பவும் போயிருக்கும்.”

“உடனேயா? கொஞ்சம் தாங்கியிருக்காதா? கொல்லையிலதான் காத்துக்குப் பதுங்குற குழி. பிள்ளை ஓடியிருக்கும்.”

அதை எந்த ரேடாரும் அளக்கவில்லை. “சரிம்மா,” என்று அவர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

மழைக்காலத்தில் அந்த மனைவி போன் செய்தாள். “நான் எங்க அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். அவர் தனியா அங்கயே இருக்காரு. காத்து அடிச்சா நடுவீட்டுல நின்னு எண்ணுறாரு, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு. உங்கமேல கோவமில்ல. ஆனா நீங்க ரெண்டாவது தடவை வராமலே இருந்திருக்கலாம்.”

காத்தக்கா இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். ஜன்னல் படபடக்கும்போது அவள் உதடுகள் அசைகின்றன. “என்ன முணுமுணுக்குற?” என்று கணவர் கேட்டால், “ஒண்ணுமில்ல, தலைவலி,” என்கிறாள்.