சாச்சி அறுத்த கோடு

அகதிகளின் இடப்பெயர்வைக் கணிதத்துக்குள் கொண்டுவருவதுதான் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு. ஊர்கள் புள்ளிகள், ஊர்களுக்கிடையிலான சொந்தபந்தம் கோடுகள். கோடு தடித்திருந்தால் சனம் அந்தப் பக்கம் நகரும். வடக்கிலிருந்து விரட்டப்பட்டுக் கரைத்தீவில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் மடிக்கணினியில் அந்தப் படம்தான் விரிந்திருக்கும்.

ஒருநாள் என் சாச்சி, உம்மாவின் தங்கை, கதிரையை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார்.

“இதென்ன புள்ள, சிலந்தி வல மாதிரி?”

விளக்கினேன்.

“சனம் போகாம மறிக்கணுமெண்டா?”

“கோட்ட மெலிய வைக்கணும் சாச்சி. அரசாங்கங்கள் எல்லையில காவல் போடுறதும் அதுக்குத்தான்.”

சாச்சி பேசாமல் எழும்பிப் போனார். அவர் பேசாமல் போனால் எங்கள் வீட்டில் எல்லாரும் உசாராகிவிடுவோம்.

அவருடைய ஒரே மகளும் மருமகனும் வடக்கில் எங்கள் பழைய ஊரான மன்னாருக்கே திரும்பிப் போகும் யோசனையில் இருந்தார்கள். அங்கே மருமகனுக்கு இருந்த ஒரே உறவு அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா. சாச்சி அந்த ராத்தாவைக் குறிவைத்தார். நாள்தோறும் தொலைபேசியில் தேன் ஒழுகும் கதை. ராத்தாவின் மகளுக்கு எங்கள் மாவட்டத்து மாம்புரியில் மாப்பிள்ளையும் பேசிக்கொடுத்தார். கலியாணம் முடிந்ததும், “பெத்த புள்ளைய இஞ்ச விட்டுட்டு அங்க எப்பிடித்தான் இரிப்பீங்களோ!” என்று கண்ணைத் துடைத்தார். ராத்தாவும் கணவரும் தட்டுமுட்டுச் சாமான்களோடு மாம்புரிக்கே வந்துவிட்டார்கள்.

“கோடு அறுந்திட்டா புள்ள?”

“ஓம் சாச்சி, அறுந்திட்டு,” என்றேன். என் கணக்கும் அதையேதான் சொன்னது.

பெருநாளுக்கு வீட்டுக்குப் போனபோது சாச்சியின் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மருமகனின் முகத்தில் ஒரே சிரிப்பு.

“ராத்தாட வூடு சும்மா பூட்டிக் கிடக்கு மாமி. கறையான் திண்டுரும், நீங்க போய் இரிங்க எண்டு அவதான் சொன்னா.”

சாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார். “ஒண்ட கம்பியூட்டர் வெறும் வூட்டப் பத்திச் சொல்லவே இல்லையே?”

உண்மையில் அது சொல்லவில்லைதான். அன்றே வெற்று வீடுகளையும் கணக்கில் சேர்த்தேன். பேராசிரியருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “களஆய்வு சேர்,” என்றேன்.

மகள் போன பிறகு சாச்சிக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிழமைக்கென்று மன்னாருக்குப் போனவர் நோன்பு வந்தும் திரும்பவில்லை. கடைசியில் மாம்புரியிலிருந்து ராத்தா எனக்கு அழைப்பு எடுத்தார்.

“என்ன இஞ்ச கூட்டிவந்து வெச்சிட்டு, ஒங்கட சாச்சி என்ட வூட்டுல போய் இரிக்கிறாவே! இது என்ன கணக்கு புள்ள?”