மேடம் என்றால் போனை வைத்துவிடுவோம்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, என் வீட்டு வாஷிங் மெஷின் பாதி வேலையில் நின்றுவிட்டது. உள்ளே நாலு போர்வை, சோப்புத் தண்ணீர். கதவு திறக்கவில்லை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன்.

தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது.

நான் இரண்டை அழுத்தினேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் தமிழ் எழுதிப் பிழைக்கிறவள் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்... நீங்கள் எதை அழுத்துவீர்கள்? இங்கிலீஷில் பேசினால் கொஞ்சம் மரியாதை கூடும், மெக்கானிக் ஒருநாள் முன்னாலேயே வருவார் என்று ஒரு நப்பாசை.

"நிஷா ஸ்பீக்கிங்" என்றது ஒரு பெண் குரல். என் இங்கிலீஷ் ஒரு பக்கம் தடுமாற, அவள் இங்கிலீஷ் இன்னொரு பக்கம் தடுமாற, எப்படியோ கதவு, தண்ணீர், போர்வை மூன்றையும் அவளுக்குப் புரியவைத்தேன். அருப்புக்கோட்டை என்று சொல்லித் தெருப் பெயரையும் சொன்னேன். உடனே அவள், "நியர் ஓல்டு ஜின்னிங் ஃபேக்டரி, மேடம்?" என்றாள்.

அந்தப் பஞ்சு ஆலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உள்ளூர்க்காரிக்குத் தவிர யாருக்குத் தெரியும்?

ஏம்மா, நீ எந்த ஊரு என்று தமிழில் கேட்டேன். அதைச் சொல்லக் கூடாது மேடம் என்று அவளும் தமிழில் சொன்னாள். ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் பத்து நிமிடம் இங்கிலீஷோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்! மறுநாள் மெக்கானிக் வந்து, குழாயில் சிக்கியிருந்த ஒரு ஊக்கை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை விருதுநகர் பஸ்ஸில் ஏறி, வீட்டுக்காரருக்கு போன் பேசி வைத்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் சரியாயிருச்சாக்கா என்று கேட்டாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். என் வயதுக்கு அக்கா என்று கூப்பிட்டது வேறு மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

நிஜப் பெயர் முத்துமாரி. நிஷா என்பது கம்பெனி வைத்த பெயர். பாலவனத்தத்திலிருந்து தினமும் வருகிறாள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். இவள் வேலை பார்ப்பது பழைய பஞ்சு குடோனின் மாடியில். தமிழ்நாட்டில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றாலும் போன் அங்கேதான் போகுமாம். நாமெல்லாம் அது சென்னையில் ஏதோ கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டல்லவா கத்துகிறோம்?

கத்துவதைப் பற்றிக் கேட்டேன். இங்கிலீஷ் லைனில் யாரும் அவ்வளவாகத் திட்டுவதில்லையாம். தமிழ் லைனில்தான் கொட்டித் தீர்க்கிறார்கள். அவளுடைய டிரெய்னர் முன்பு மணிலாவில் இதே போன் வேலை பார்த்தவர். அங்கேயும் இதே கதைதான், வெளிநாட்டுக்காரனிடம் வாங்குவதைவிடச் சொந்த ஜனத்திடம் வாங்குகிற திட்டுதான் அதிகம் என்பாராம். நம்மவர் என்றால் அத்தனை உரிமை!

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். திங்கட்கிழமையோடு அவள் வேலை போகலாம்.

கம்பெனிக்கு மூன்று சட்டம் உண்டு. சார், மேடம் தவிர வேறு எப்படியும் கூப்பிடக் கூடாது. எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. ஊர்ப் பேச்சு பேசக் கூடாது. சென்னையில் குவாலிட்டி டீம் ரெக்கார்டிங் கேட்டு மார்க் போடும். இவள் ஒரே போன் காலில் மூன்றையும் உடைத்திருக்கிறாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பரளச்சியில் ஒரு பெண். ஃபிரிட்ஜ் வாங்கி ஐந்து மாதத்தில் கெட்டுவிட்டது. விற்ற கடைக்காரரே புகார் பதிந்து கொடுத்திருக்கிறார். மெக்கானிக்கை அனுப்புவதற்கு முன்னால் கம்பெனி போன் செய்து நேரம் கேட்கும். கேட்டது. "வணக்கம் மேடம்" என்றதும் அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மூன்று தடவை செய்தார்கள், மூன்று தடவையும் வைத்துவிட்டாள். மூன்று தடவை வைத்தால் வாடிக்கையாளருக்கு விருப்பமில்லை என்று கம்ப்யூட்டரே புகாரை மூடிவிடுமாம்.

ஏன் வைத்தாள்? இதற்குச் சென்னையிலிருந்து டிரெய்னர் வரவேண்டுமா? எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை போனில் மேடம் என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தன் ஏடிஎம் கார்டு நம்பர் கேட்பான், இன்னொருத்தன் பரிசு விழுந்திருக்கிறது என்பான். மேடம் என்றால் போனை வை என்றுதான் வீட்டுக்கு வீடு சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மூடிய புகாரை முத்துமாரி பார்த்திருக்கிறாள். கடைக்காரர் அதில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தார்: 'மகளுக்கு இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜ்.' பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மருந்தை ஈர மணல் பானைக்குள் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்... இந்த வெயிலில். இவள் நாலாவது தடவை போன் செய்தாள்.

"அக்கா, போனை வச்சிராதீக. நான் அருப்புக்கோட்டையில இருந்துதான் பேசுறேன். உங்க ஃபிரிட்ஜ் விஷயமாத்தான்க்கா."

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. மறுநாள் ஃபிரிட்ஜ் ஓடியது. முத்துமாரிக்குப் பூஜ்ஜியம் விழுந்தது.

கையோடு அவளை இங்கிலீஷ் லைனுக்கு மாற்றினார்கள். அங்கே அக்கா சொல்ல வழியில்லையே! திங்கட்கிழமை வீடியோவில் விசாரணை, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாருங்கள், ஐம்பது வயதின் புத்தி எங்கே போகும்? நானே பக்குவமாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், பேசாமல் கையெழுத்துப் போடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். 'ஆர்வ மிகுதியால்' என்று ஆரம்பித்து, 'இனி இவ்வாறு நேராது' என்று முடித்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"இனிமே நடக்காதுன்னு எழுதியிருக்கீகக்கா. நாளைக்கே நடக்குமே. இன்னும் எத்தனை பேரு மேடம்னதும் போனை வச்சிக்கிட்டு இருக்காக?"

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் எழுதி நான் கற்றுவைத்திருப்பது நைச்சியமாகக் குனிவதைத்தானா?

மற்றதெல்லாம் அடுத்த சனிக்கிழமை அதே பஸ்ஸில் அவள் சொன்னது. திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட மாட்டேன் என்றிருக்கிறாள். அந்த ரெக்கார்டிங்கை முழுசாகப் போட்டுக் கேளுங்கள், அதில் எது தப்பு என்று சொல்லுங்கள் என்றாளாம். போட்டார்களாம். கேட்டுவிட்டு, சட்டம் சட்டம்தான், முடிவை நாளைக்குச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

மதியம் சாப்பிடுகிற இடத்தில் விஷயம் பரவிவிட்டது. இவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்த் தமிழ் லைனில் உட்கார்ந்த பானு என்ற பெண், முதல் போனையே "வணக்கம்ணே" என்று எடுத்தாள். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு 'அக்கா'. அதற்கு அடுத்த சீட்டிலிருந்து ஒரு 'மாமா'. சாயங்காலத்துக்குள் தமிழ் லைனில் இருக்கிற முப்பத்தாறு பேருக்கும் பூஜ்ஜியம். மறுநாளும் பூஜ்ஜியம்.

ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பலாம். முப்பத்தாறு பேரையும் அனுப்பிவிட்டு போனை யார் எடுப்பது... மேனேஜரா?

புதன்கிழமை மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. உறவுமுறை சொல்லி அழைப்பதற்கு 'இப்போதைக்கு' மார்க் குறைக்கப்படாது. முத்துமாரி மறுபடியும் தமிழ் லைனில். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லையாம்.

அதென்ன இப்போதைக்கு, நாளைக்கே மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாலவனத்தம் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"மாத்தட்டுங்க்கா. நாங்களும் இப்போதைக்குத்தான் சும்மா இருக்கோம்."