புதுத் தொட்டிக்கு வந்த பாசி

மீன் தொட்டி விற்கிறவனுக்கு விற்ற அன்று மட்டும்தான் மரியாதை. பாசி பிடித்த நாளிலிருந்து அவன் குற்றவாளி. திருப்பத்தூரில் கடை வைத்திருக்கிறேன். புதிதாகத் தொட்டி வாங்கி நொந்துபோயிருக்கும் உங்களுக்கு, ஜவ்வாது மலையில் நான் பட்டதைச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பழுப்பு

மலைமேல் சாமை பயிரிடுகிறவர் வெள்ளையன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காக வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டினார். முன்னறையில் மூன்றடித் தொட்டி வைத்து, பத்து கப்பி மீன் விட்டுக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் போன் வந்தது. கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிகிறதாம். பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு குமட்டலை விழுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். புதுத் தொட்டியில் இது வரும், துடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் தானே நின்றுவிடும் என்றேன். வெள்ளையன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தானா போவும்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

பச்சை

பழுப்பு போனது, பச்சை வந்தது. இந்த முறை தண்ணீரே பச்சை. மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. நான் வைத்தபோது மழைக்காலம், வானம் மூடியிருந்தது. வெயில் எந்தப் பக்கம் வரும் என்று யோசிக்காதது என் தப்பு. போதாததற்குத் தங்க வருகிற ஒவ்வொருவரும் ஒரு பிடி தீனி போட்டிருந்தார்கள். மீன் தின்னாத தீனி அழுகினால் பாசிக்கு எரு என்றேன். ஜன்னலை மறைக்கவும் சொன்னேன். வெள்ளையன் ஜன்னலையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெயிலும் வேணாம், எருவும் வேணாம்னு சொல்ற வெள்ளாமைய இப்பதாங்க பாக்குறேன்."

பளிங்கு

அடுத்த வாரம் அவர் மனைவி மல்லிகா போன் செய்தபோது கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். "இன்னும் பச்சையாவே கீதுங்க, இன்னா பண்றது?" என்றார். "நல்லாக் கழுவிடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் நினைத்தது கண்ணாடியை. அவரோ மீன்களை வாளியில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டி, கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விட்டிருக்கிறார். மறுநாள் பத்தும் மிதந்தன.

நான் போனபோது தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. மல்லிகாவுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னது நான்தான் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை.

"நீங்க சொன்னமாதிரிதாங்க கழுவுனேன், ஒரு பொட்டுப் பாசிகூட வுடல."

தெளிவு

தொட்டியைப் பலமுறை அலசினோம். மீன் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் இருக்கும் என்று, என் கடைத் தொட்டியில் ஊறிய பழைய பஞ்சைப் பில்டரில் வைத்து, ஐந்தே ஐந்து மீன் விட்டேன். மல்லிகா சேலை ஒன்றை மடித்துத் தைத்து ஜன்னலுக்குத் தொங்கவிட்டார். தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வாரம் ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றினார். பழுப்பு மறுபடி எட்டிப் பார்த்ததாக, கடைப்பக்கம் வந்த வெள்ளையன் சொன்னபோது நான்தான் பயந்தேன். மல்லிகாவோ துடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாராம்.

இரண்டு மாசம் கழித்துப் போனேன். தண்ணீர் தெளிந்திருந்தது, குட்டிகள் ஓடின. கொண்டுபோன பாசிச் சுரண்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அங்கே தங்கியிருந்த ஒருவர், பாசிக்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று மல்லிகாவிடம் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

"ஒண்ணும் போடலைங்க, போன் போட்டு இவர கேக்காம இருந்தேன், அவ்ளோதான்."

ஆக, பாசியை நான் எங்கும் ஒழித்ததில்லை. அது போகிறவரை வாங்கியவர் கையையும் என் வாயையும் கட்டிவைக்கத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.